மூன்றாம் லைனின் பூட்டு

கணவரின் சட்டைப் பையைத் துழாவினாள். பேனா, சீப்பு, அடியில் அந்தச் சின்னச் சாவி. காலையில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தி ஒரு மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் அவருடைய மேனேஜர் கையில் காகிதத்தோடு வந்து நிற்கிறார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. நேத்து சாயங்காலம் மெயின் சுவிட்ச்சுல பூட்டு போட்டுட்டு வந்துட்டாரு. ஃபேக்டரியில மூணாவது லைன் மெஷின் எல்லாம் அப்படியே நிக்குது. சாவியக் குடுத்துட்டு, வேலைய முடிச்சுட்டாருன்னு இதுல ஒரு கையெழுத்து..."

"முடிச்சாரா?"

"இருபத்தாறு வருஷ எலக்ட்ரீஷியன். முடிக்காமலா வந்திருப்பாரு?"

அடேயப்பா! அவர் உயிரோடு இருந்தவரை அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாத மேனேஜர்! அழுகையை மீறிக் கோபம் வந்தது அவளுக்கு. வேலை முடிந்தால் அவள் கணவர் பூட்டைக் கையோடு கொண்டுவந்துவிடுவார். ஒரு ஆளுக்கு ஒரு பூட்டு, ஒரே சாவி, போட்டவர்தான் திறக்க வேண்டும். சாப்பிடும்போதெல்லாம் சொல்லிச் சொல்லி அவள் காது புளித்துப்போயிருந்தது. ஏதாவது ஆகிவிட்டால் பழியும் அவர் தலையில்தான் விழும். கூடத்தில் கிடப்பவர் எழுந்து வந்தா பதில் சொல்லப் போகிறார்?

"நான் கையெழுத்து போட்டு, அங்க யாராவது செத்தா?"

மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். "சாவி தரலேன்னா பூட்டை வெட்டித்தான் ஆகணும்."

துக்கத்துக்கு வந்து மூலையில் உட்கார்ந்திருந்த சோடாப்புட்டி எழுந்தார். தடித்த கண்ணாடிக்கு அந்தப் பெயர். அவரும் அங்கே எலக்ட்ரீஷியன்தான்.

"வாங்க அண்ணி, போகலாம். நான் பாக்காம யாரும் கை வைக்கக்கூடாது."

அப்பாவின் பக்கத்தில் மகளை உட்காரவைத்துவிட்டுக் கிளம்பினாள்.

தொழிற்சாலைக்குள் அவள் வந்ததே இல்லை. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் கூரை. வரிசையாக இயந்திரங்கள், ஒன்றும் அசையவில்லை. நீள இரும்பு மேசையில் எட்டுப் பெண்கள் முழங்கையூன்றிக் காத்திருந்தார்கள். சுவரில் மின்பெட்டி, அதில் கட்டைவிரல் அளவுக்குச் சிவப்புப் பூட்டு. தொங்கிய அட்டையில் அவர் படம். 'ஆள் வேலையில் இருக்கிறார்.' அம்மாடி, இத்துனூண்டு பூட்டா இவ்வளவையும் நிறுத்தி வைத்திருக்கிறது!

சோடாப்புட்டி மேசைக்கடியில் தவழ்ந்து போய் ஒரு மூடியைக் கழற்றினார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அண்ணி, பழைய வயரை வெட்டி விட்டிருக்காரு. புதுசு இன்னும் மாட்டல. எர்த்தும் கழட்டியிருக்கு. வெட்டின முனை மேசைக் கால்லதான் சாஞ்சிருக்கு. சுவிட்ச்சப் போட்டிருந்தா மேசை முழுக்க கரண்ட்டு."

எட்டுப் பேரும் சட்டென்று கையை எடுத்தார்கள். மேசைமேல் சாய்ந்திருந்த மேனேஜரும்தான்.

அவள் அட்டையிலிருந்த படத்தைப் பார்த்தாள். அங்கே கண்மூடிக் கிடக்கும் மனுஷனா இங்கே இத்தனை பேரையும் காத்துக்கொண்டு நிற்கிறார்!

புது வயரை மாட்டி, எர்த்தை முடுக்கி, மீட்டர் வைத்துச் சோதிக்க முக்கால் மணி நேரம் ஆனது. சோடாப்புட்டி மேனேஜரின் காகிதத்தைத் திருப்பி, தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டார்.

"இனி பொறுப்பு என்னுது. அவர் இடத்துல நீங்க திறங்க அண்ணி."

சாவி ஒரே திருகில் திரும்பியது. சோடாப்புட்டி சுவிட்ச்சைத் தள்ளினார். தரை அதிர்ந்து லைன் ஓடத் தொடங்கியது.

பெண்கள் மேசையை நெருங்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் முன்னே போய் உள்ளங்கையை விரித்து மேசைமேல் வைத்தாள். இன்னொரு கையில் பூட்டு இருந்தது.