பின்பக்கம் வால்

என் மனைவி இரஞ்சிதத்தின் மார்பில் இருந்த கட்டியில் கொஞ்சம் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு திங்கட்கிழமை. அவள் பயத்தைச் சாமியறையில் கொண்டுபோய் வைத்தாள். நான் என் பழங்காசுகளுக்குள் ஒளித்தேன்.

என் பெட்டியிலேயே பெரிய ஆள், நானூறு வருடத்துக்கு முந்திய ஜெர்மன் வெள்ளிக்காசு. பிரன்ஸ்விக் சிற்றரசர் அடித்தது; முன்பக்கத்தில் மரம் பிடித்த காட்டுமனிதன். வாங்கிய அன்று, "பிரன்ஸ்விக்குக்கு ட்ராமே போகுது. அங்கத்தைய காசுக்கு இவ்வளவு விலையோ?" என்று கேட்டாள்; எங்கள் நகரத்திலும் அதே பெயரில் ஒரு பகுதி உண்டு. சனிக்கிழமை நாணயக் கழகத்தில் அதைக் காட்டப்போவதாக நாங்கள் இருக்கும் மல்கிரேவ் முழுக்கப் பீற்றியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, சொக்ஸ் வைக்கும் இழுப்பறையில் இருந்த பெட்டி வெறுமை. காசு சாமியறையில், பிள்ளையாருக்குப் பக்கத்தில், சந்தனப் பொட்டோடு மினுங்கியது. மினுங்கக் கூடாது! பழங்காசுக்காரர்கள் காலம் படிந்த கறுப்புக்குத்தான் உயிரை விடுவார்கள். நானூறு வருடக் கறுப்பை ஒரு சிட்டிகை திருநீறு தீர்த்துவிட்டிருந்தது.

"ஆஞ்சநேயரைப் போய் சொக்ஸ் லாச்சிக்கை வைச்சிருக்கிறியளே!" என்றாள்.

"ரஞ்சி, அது காட்டுமனிசன். ஜெர்மன்காரன்."

"மரத்தைப் பிடுங்கிக்கொண்டு நிக்கிறார். இடுப்பிலை இலை. வேறை ஆர்?"

"அப்ப வால் எங்கை?"

"முன்னுக்கு நிண்டு பாத்தால் வால் தெரியுமே? பின்பக்கம் பாருங்கோ."

திருப்பினேன். பின்பக்கத்தில் அரசச் சின்னம்; அதன் உச்சியில் பாயும் குதிரை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"நல்ல சேதி வந்தால் வடைமாலை எண்டு நேந்திருக்கிறன்" என்று காசை வாங்கக் கையை நீட்டினாள்.

காசை அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

சனிக்கிழமை கழகத்தில் வெறும் பெட்டியைத் திறந்து காட்டினேன். காசு பாதுகாப்பான இடத்தில்தானே இருக்கிறது என்று கேட்டார்கள். பிள்ளையாருக்குப் பக்கத்தில் என்றேன்.

திங்கள் தொலைபேசி வந்தது. "யெஸ், டொக்டர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னவள், கதிரையில் இருந்து அழுதாள்.

"ஒண்டுமில்லையாம். வெறுங் கொழுப்புக் கட்டியாம்."

"கொழுப்பு எண்டு நான் கலியாணம் முடிச்ச அண்டே சொன்னனான்" என்றேன். குரல் உடைந்ததால் பகிடி எடுபடவில்லை.

பின்னேரம் குசினியில் சட்டைப் பொத்தான் அளவில் வடை தட்டினேன். காசில் இருக்கும் ஆளே அவ்வளவுதானே. ஊசியால் நூலில் கோத்துப் போட்டோம். ஜெர்மன்காரன் மரத்தை விடாமல் மாலையை ஏற்றுக்கொண்டான்.

இரஞ்சிதம் காசை எடுத்துத் திருப்பி என் கண்ணுக்கு முன்னால் பிடித்தாள்.

"இப்ப வால் தெரியுதோ?"

குதிரையைப் பார்த்தேன்.

"ஓம். நல்ல நீள வால்."