கீழே விழுந்த துணி

கறுப்புக் காருக்கு மெருகேற்றி முடித்து, கடைசித் துடைப்புக்கு எடுத்த துணி அவள் கை நழுவித் தரையில் விழுந்தது. சுத்தமான துணி அது ஒன்றுதான் மிச்சம். காரின் சொந்தக்காரரோ வாசலில் குட்டிபோட்ட பூனை மாதிரி உலாத்திக்கொண்டிருந்தார்.

"உதறிட்டுத் தொடைம்மா," என்றார் பாலிஷ் கடை முதலாளி.

அவள் துணியைக் குப்பைக்கூடையில் போட்டாள். முதலாளி சுவரில் ஒட்டியிருந்த கார் பாலிஷ் ஜாம்பவான்களின் படங்களை அவள் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அவளுக்கு முன்மாதிரி எல்லாம் அக்காதான். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். கீழே விழுந்த கத்தரியை டாக்டரே கெஞ்சினாலும் எடுத்துத் தரமாட்டாள்.

"புதுத் துணி வரட்டும் சார். ஒரு மண்துகள் போதும், பானெட் முழுக்கக் கீறல் விழும். எங்கக்கா பாத்தா கைய ஒடிச்சிருவா."

"ஆரம்பிச்சிட்டியா அக்கா புராணத்த! அவங்க பாக்கறது உசுரு. இது தகரம்மா. கண்ணுக்கே தெரியாத மண்ணுக்கு இவ்ளோ அலட்டலா?"

அவள் கூடையிலிருந்த துணியை எடுத்துப் பலமாக உதறினாள்.

"சரி சார். உங்க மூக்குக்கண்ணாடியக் கழட்டிக் குடுங்க. மொதல்ல அதத் தொடைக்கறேன்."

முதலாளியின் ஒரு கை சட்டென்று கண்ணாடியைப் பொத்திக்கொண்டது. மறு கை, துணி வாங்கப் போக ஸ்கூட்டர் சாவியைத் தேடியது.