விழாத கிளாஸ்

வடஜெர்மனியின் லேர் நகரத்துக்கு வெளியே, ஒன்னோ பெஹ்ரென்ட்ஸின் புது வீட்டுக் கூரையிலிருந்து எறிந்த சாராயக் கிளாஸ் இன்னும் தரைக்கு வந்து சேரவில்லை. கூரைச் சட்டம் ஏறிய அன்று வீட்டைக் கட்டிய தச்சர் ஹாப்போ க்ரூஸே மேலே நின்று வாழ்த்துச் சொல்லி, குடித்து, வீசினார். அது உடைந்தால்தான் வீட்டுக்கு நல்லது என்பது அங்கத்து நம்பிக்கை. கிளாஸோ மாடி ஜன்னல் உயரத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. மீன்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு மத்தி விலையைச் சொன்னார்.

வீடு முடிந்தது. வேலையை ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட ஒன்னோ மறுத்தார். "நான் கையெழுத்துப் போட்ட மறுநிமிஷம் அது என் தலையில விழும். அப்புறம் எவன்கிட்டப் போய் நிக்கறது?" ஹாப்போ அசரவில்லை. "எறிஞ்சது என் வேலை. விழறது காத்தோட வேலை." பார்க்க வந்த கட்டட நிபுணர் ரசமட்டம் வைத்துப் பார்த்து, கிளாஸ் சாயாமல் நிற்கிறது, ஆனால் வீட்டின் பகுதி அல்ல என்று முடித்துக்கொண்டார்.

பழைய வீட்டை விற்றுவிட்டு வந்த கிழவர் ஒன்னோவும் மனைவி டொம்மாவும் வாசலில் நிறுத்திய வண்டிவீட்டில் இருந்தார்கள். வீட்டுக்கு வரைபடம் போட்ட வீப்கே ஊபன்தான் அவர்களை உள்ளே போகவிடாமல் தடுத்தவள். கட்டடச் சட்ட வகுப்பிலிருந்து அவளிடம் மிஞ்சியது ஒரே வரி: குடியேறினால் ஏற்றுக்கொண்டதாகிவிடும். "ஒரு நாற்காலிகூட உள்ள போடாதீங்க" என்றாள். குளிர்காலங்கள் போயின. கடல்காற்று ஒன்னோவின் நெஞ்சில் குடியேறியது. அவர் சூடான டீயில் கற்கண்டு வெடிக்கும் சத்தத்தைக் கேட்டபடி, "ஏம்மா, ஒரே ஒரு நாள் உள்ள படுத்துக்கட்டுமா?" என்பார். வீப்கே வேண்டாம் என்பாள்.

வண்டிவீட்டிலேயே அவர் போய்ச் சேர்ந்தார். சவப்பெட்டி அதன் கதவுக்குள் நுழையாததால், புது வீட்டுக் கூடத்தில் வைத்தார்கள். ஹாப்போவின் வக்கீல் போனில் அனுதாபம் சொல்லிவிட்டு, உடலை வைத்தது புழக்கம், புழக்கம் என்றால் ஏற்பு என்றார். டொம்மா அப்படியே குடியேறிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் வீப்கே பழைய பாடப்புத்தகத்தைத் திறந்தாள். அந்த வரியின் மறுபாதி அடுத்த பக்கத்தில் இருந்தது. வகுப்பில் அந்தப் பாதியைச் சொன்னபோது அவள் காபி வாங்கப் போயிருந்தாள்.

சனிக்கிழமை போனாள். டொம்மா மாடி ஜன்னல் துடைக்க ஏணியில் நின்றாள். வீப்கே ஏணியைப் பிடித்தபடி எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்போ இந்தக் குறை இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டு, அவரு உள்ள படுத்திருக்கலாமா?"

"படுத்திருக்கலாம்."

டொம்மா துணியைப் பிழிந்தாள். பிறகு கைநீட்டி, காற்றில் நின்ற கிளாஸை உள்ளும் புறமும் துடைத்தாள்.

"கெட்டியாப் பிடி. அடுத்த ஜன்னலுக்குப் போகணும்."

வீப்கே பிடித்துக்கொண்டாள். இப்போதும் சனிக்கிழமைகளில் போய்ப் பிடிக்கிறாள். கிளாஸ் அங்கேயே இருக்கிறது, சுத்தமாக.