நீதிபதியின் பன்றிகள்

ஒஹாயோ ஆற்றங்கரையில் எங்கள் ஊர் முளைத்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. மாநிலம் என்று சொல்லிக்கொள்ள ஆள் போதாது. ஓர் ஆளுநர், ஒரு செயலர், மூன்று நீதிபதிகள், அரசாங்கமே இவ்வளவுதான். புதிதாகச் சட்டம் எழுத அவர்களுக்கும் அதிகாரமில்லை. பழைய மாநிலங்களின் சட்டங்களில் ஒன்றை எடுத்து அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

கெசியா டட்டில் என்ற விதவையின் முட்டைக்கோஸ் பாத்தியில் நீதிபதி ஃபினியஸ் ட்ரூவின் பதினோரு பன்றிகள் தினமும் காலையில் மேய்ந்தன. அவள் நேராக அவர் வீட்டுக்கே போனாள்.

“ஐயா, உங்க பன்னிங்கள அடைச்சு வைங்க.”

“அடைக்கணும்னு எந்தச் சட்டத்துலம்மா இருக்கு?”

“அப்ப ஒண்ணு எழுதுங்க.”

“நாங்க எழுத முடியாதே. பாத்து எடுக்கத்தான் முடியும்.”

“அதுவும் நல்லதுதான். உங்கள எழுத விட்டா பன்னிக்கு ஓட்டே குடுத்துருப்பீங்க.”

இது ஊர் முழுக்கப் பரவியதும் ட்ரூவால் தட்டிக்கழிக்க முடியவில்லை. ஆளுநர் கிழக்கே போயிருந்தார். அவருக்குப் பதில் செயலரும், மூன்று நீதிபதிகளும் உட்கார்ந்து, ஊரிலிருந்த ஒரே சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்கள். ஒரு சட்டம் அகப்பட்டது: ஐந்தடி வேலிக்குள் பிறர் கால்நடை இருந்தால், நட்டத்தை ஈடுகட்டும்வரை நிலத்துக்காரர் அதைப் பிடித்து வைக்கலாம். அதை எடுத்துக்கொள்ள ட்ரூதான் முதலில் கை தூக்கினார். கெசியாவின் வேலி முழங்கால் உயரம்கூட இல்லை.

கெசியா பத்து நாள் மரம் பிளந்தாள். மூன்று பக்கம் ஐந்தடிக்கு வேலி எழுப்பி, நான்காவதைத் திறந்தே வைத்தாள். பன்றிகள் வழக்கம்போல வந்தன. அவை மும்முரமாகத் தின்றுகொண்டிருக்க, அந்தப் பக்கத்தையும் அடைத்துவிட்டு ஆள் அனுப்பினாள்.

ட்ரூ அளவுகோலோடு வந்து நாலு பக்கமும் அளந்தார். ஐந்தடிக்கு ஒரு விரற்கடை கூடவே இருந்தது.

“இத பன்னி எப்படிம்மா தாண்டும்?”

“நானும் அதத்தான் யோசிக்கிறேன்.”

“நீ வழி விட்டுருக்க.”

“எப்படி வந்துச்சுன்னு விசாரிக்கச் சொல்லுதா ஐயா, சட்டம்?”

அவர் புத்தகத்தை வரவழைத்து, நின்றபடியே இரண்டு முறை படித்தார். பிறகு, கூட வந்திருந்த நீதிபதி ஏசா பிரெண்டிஸைத் தனியே அழைத்தார்.

“ஒரே ஒரு வரி சேத்துக்கலாமா?”

“அந்த வரி எந்த மாநிலத்துல இருக்குன்னு காட்டுங்க, இப்பவே சேத்துடலாம்” என்றார் பிரெண்டிஸ், முகத்தைத் திருப்பிக்கொண்டு. அவர் தோள் குலுங்கியது.

இதற்குள் உள்ளே கடைசி முட்டைக்கோஸும் தீர்ந்துபோயிருந்தது. கெசியா இரண்டே இரண்டு கேட்டாள்: குளிர்காலத்துக்கு ஒரு பன்றி, பாத்தியை அவரே கொத்தித் தர வேண்டும்.

ட்ரூ கோட்டைக் கழற்றி வேலிமேல் போட்டுவிட்டு இரண்டு நாள் கொத்தினார். இரண்டாம் நாள் மதியம் அவள் தந்த சோள ரொட்டியை மென்றபடி மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தார்.

“என் நெலத்த விட நல்லாருக்கே.”

“இருக்காதா பின்ன? பதினோரு பேரு தெனமும் வந்து உரம் போட்டாங்களே.”

சிரிக்கக் கூடாது என்றுதான் அவர் பார்த்தார். ரொட்டி புரையேறிவிட்டது.