பூவம்மா கண் திறந்தாள்

பூவம்மாவுக்குப் படம் என்றாலே ஆகாது. ஐ.சி. என்ற அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போன இடத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு படக்காரரின் உயிரை வாங்கிவிட்டாள். கடைசியில் அவர் வெறுத்துப்போய், அரைக்கண் மூடிய முகத்தையே ஒட்டி அனுப்பிவிட்டார். அவள் குடியிருந்த கெர்பாவ் ரோட்டுக்காரர்கள் வெகுநாள் வரை இதைச் சொல்லிச் சிரித்தார்கள். பூவம்மாவும் கூடவே சிரித்தாளே தவிர, காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

அப்பேர்ப்பட்டவளைத்தான் ஆளுயரத்துக்கு வரைய வேண்டியிருந்தது அவள் மகள் மங்கையர்க்கரசிக்கு. மங்கை உள்ளூர் ஓவியப் பள்ளியில் டிப்ளமா முடித்து, ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்தாள். லண்டனில் ஓவியத்தில் மேற்படிப்பு படிக்க வேண்டும் என்பது அவளுக்கு வெறும் ஆசையில்லை, வெறி. படம் போட ஒரு படிப்பு, அதற்கு மேல் இன்னொரு படிப்பா என்று சொந்தக்காரர்கள் வாய்விட்டே கேட்டார்கள். கேட்கட்டுமே. அவள் கவலை வேறு. வரைந்த படங்களைக் கப்பலில் அனுப்பச் சொல்லியிருந்தது அந்தக் கல்லூரி. அதில் ஒன்றாவது, ஆளை நேரில் உட்காரவைத்து வரைந்த முழு உருவமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மற்றப் படங்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்களாம்.

மணிக்கணக்கில் அசையாமல் உட்கார யார் வருவார்கள்? பக்கத்து அறை ரத்தினம்மா ஒரு மத்தியானம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, முதுகு வலி என்று மறுநாளே கழன்றுகொண்டாள். மங்கை சோறு இறங்காமல் தவிப்பதைப் பார்த்த பூவம்மா, தானே உட்காருவதாகச் சொன்னாள். மகளுக்கு வந்த சந்தோஷத்தில், ஏன் எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரி ஆயா வேலை முடிந்து வந்து, பூவம்மா ஜன்னலோரம் நாற்காலியில் உட்காருவாள். படம் நன்றாகவே வளர்ந்தது. ஓயாமல் துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன அந்தக் கைகளை வரைந்த அன்று, தனக்கு இடம் கிடைத்துவிடும் என்று மங்கைக்கே நம்பிக்கை வந்தது. ஆனால் முகத்துக்கு வந்ததும் எல்லாம் நின்றது. பூவம்மா கண்ணைத் திறக்கவில்லை. ஒரு நாள் வெயில் கூசுகிறது என்றாள். ஒரு நாள் கீழ்வீட்டுப் புகை என்றாள். திங்கட்கிழமை படங்கள் வைத்த பெட்டி கப்பலுக்குப் போக வேண்டும். சனிக்கிழமை மங்கை பொறுமை இழந்தாள். தூங்குகிற பொம்பளையை வரைந்து அனுப்பினால் எவன் சேர்த்துக்கொள்வான் என்று கத்திவிட்டு, விடுவிடுவென்று படியிறங்கிப் போனாள்.

கீழே குழாயடியில் ரத்தினம்மா துணி அலசிக்கொண்டிருந்தாள். அம்மாவின் பிடிவாதத்தைச் சொல்லி மங்கை பொரிந்து தள்ளினாள். ரத்தினம்மா கையைத் துடைத்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்கப்பா சுவத்துல மாலையோட இருக்காருல்ல, அந்தப் படம் ஸ்டூடியோவுலேர்ந்து வர்றதுக்குள்ள காய்ச்சல்ல போயிட்டாரு. கண்ணத் தொறந்து படத்துக்கு நின்னா ஆயுசு அதுக்குள்ள போயிடும்னு அன்னிக்குப் பிடிச்ச பயம் லா அவளுக்கு. அந்தப் பயத்தோடதான் தினம் உன் முன்னால வந்து உக்கார்றா."

மங்கைக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அம்மாவுக்கு உண்டே. தினமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவளைப் பார்த்தா கத்தினோம் என்று நினைத்தபோது, வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

மேலே போனவள், படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். இருக்கிறபடியே அனுப்பிவிடலாம், எடுத்தால் எடுக்கட்டும், இல்லாவிட்டால் டீச்சர் வேலை எங்கே போய்விடப்போகிறது என்றாள். பூவம்மா மகளின் முகத்தைப் பார்த்தாள். ரத்தினம்மா வாய் சும்மா இருந்திருக்காது என்று புரிந்துவிட்டது. எழுந்து வந்தாள். ஈரச் சாயம் கையில் படாமல் சட்டத்தைப் பிடித்துப் படத்தைத் திருப்பி வைத்தாள். போய் நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மகளை நேருக்கு நேர் பார்த்தாள்.

பெரிய கண்கள். பிறந்ததிலிருந்து பார்த்த கண்களை இப்போதுதான் பார்ப்பதுபோல் மங்கை நின்றாள்.

"வேணாம்மா," என்றாள்.

"வரை."

"உனக்குப் பயமா இருக்குல்ல."

"இருக்குதான். இருந்துட்டுப் போவுது." பூவம்மா கண் இமைக்கவில்லை. "ஆயுசு படத்துக்குள்ள போனா போவட்டுமே. அது எங்க போவுது? உனக்கு முன்னால கப்பலேறி லண்டன்ல போயி உக்காந்துக்கும். தெரியாத ஊருல நீ வந்து எறங்குறப்ப, உனக்குன்னு ஒரு ஆள் அங்க இருக்க வேணாமா?"

மங்கை தூரிகையை எடுத்தாள். கண்ணீரில் எதுவும் தெரியவில்லை. புறங்கையால் துடைத்துவிட்டு, இடது கண்ணிலிருந்து ஆரம்பித்தாள்.