முழிச்சிட்டாரு

பேராசிரியருக்கு என்மேல் கோபம். அவருடைய ‘விழிப்பு’ என்ற நூலின் நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்களுக்கும் மெய்ப்புப் பார்க்கிறவள் நான். வரலாற்றில் விழிப்பு, சமயத்தில் விழிப்பு, இலக்கியத்தில் விழிப்பு என்று மூன்று பாகம். முதல் பாகத்தில் தேசங்கள் பொழுது விடிவதற்குள் விழித்துக்கொள்கின்றன. இரண்டாம் பாகத்தில் ஞானிகள் மரத்தடியிலும் குகையிலும் விழிக்கிறார்கள். மூன்றாம் பாகத்தில் கதாநாயகிகள் கடைசி அத்தியாயம்வரை இழுத்தடித்துவிட்டு விழிக்கிறார்கள். ‘விழித்தவர் மீண்டும் உறங்குவதில்லை’ என்று ஓரிடத்தில் எழுதியிருந்தார். ‘உடம்பு என்னத்துக்கு ஆகும்?’ என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன். அன்று காலை பதிப்பகத்துக்கு அவரிடமிருந்து போன் வந்தது.

“ஏம்மா, எழுத்துப்பிழை பாக்கத்தானே உங்களுக்குச் சம்பளம்? கருத்துப்பிழை பாக்க நான் இருக்கேன்.”

“அதத்தான் சார் சொல்றேன். நீங்க கொஞ்சம் பாருங்க.”

படக்கென்று வைத்துவிட்டார். முன்பெல்லாம் இப்படி ஒன்று நடந்தால் வீட்டுக்குப் போய்ச் சொல்லிச் சிரிக்க ஆள் இருந்தது. இப்போது அந்த ஆள் இருபத்துமூன்று நாளாக ஆஸ்பத்திரியில் கண் மூடிக் கிடக்கிறார்.

என் வீட்டுக்காரருக்கு பஸ் பணிமனையில் மெக்கானிக் வேலை. கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் ‘தலையணை’. அப்படி ஒரு தூக்கம். அலாரம் அடித்தால் பக்கத்து வீடு எழுந்திருக்கும், இவர் புரண்டுகூடப் படுக்கமாட்டார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாக, விடியற்காலை நாலே முக்காலுக்கு அவரை எழுப்புவது என் வேலை. விடுமுறை நாளில் ஏழு மணி. சர்க்கரை வியாதி வந்த பிறகு அதில் விளையாட்டுக் கிடையாது. ராத்திரி இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட்டுப் படுக்க வேண்டும், காலையில் நேரத்துக்கு எழுந்து வயிற்றுக்கு ஏதாவது போட வேண்டும். சர்க்கரை இறங்கிவிட்டால் ஆபத்து என்று டாக்டர் என்னைத்தான் உட்கார வைத்துச் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை காலை எவ்வளவு கத்தியும் எழவில்லை என்று முகத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டேன். நாள் முழுக்க அதை மனசில் வைத்திருந்தார் போலிருக்கிறது. ஊசி போட்டுக்கொண்டு தட்டின் முன்னால் உட்கார்ந்தவர் ஆரம்பித்தார்.

“நீ எழுப்புற லட்சணத்துக்கு நான் ஒரேயடியா தூங்கிடலாம்.”

எனக்குச் சுருக்கென்று வந்தது. “சரி, இனிமே உங்கள எழுப்பினா என்னன்னு கேளுங்க. ஜென்மத்துக்கும் எழுப்ப மாட்டேன். போதுமா?”

தட்டைத் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். நான் சோற்றைப் பாத்திரத்தில் திருப்பிக் கொட்டினேன். பசித்தால் தானாக எழுந்து வரட்டும் என்று இருந்துவிட்டேன். என் வீம்பு அப்படி.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கதவோரம் நின்றேன். குறட்டை கேட்டது. எப்போதும் விடுகிற குறட்டை இல்லை அது. தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்ட மாதிரி, கரகரவென்று, விட்டு விட்டு வந்தது. கழுத்தெல்லாம் வியர்வை. பார்த்தேன். பார்த்துவிட்டு, ‘வந்து கெஞ்சட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று கூடத்தில் உட்கார்ந்து பேராசிரியரின் முதல் பாகத்தைப் பிரித்தேன். பத்து மணிக்கு மனசு கேட்காமல் போய்த் தோளைத் தொட்டேன். தலை தொய்ந்தது.

“எப்போ பாத்தீங்க?” என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். பக்கத்தில் என் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

“பத்து மணிக்குத்தான் டாக்டர்.”

“ரொம்ப நேரமா சர்க்கரை இறங்கியிருக்கு. மூணு மணி நேரம் முன்னால கூட்டிட்டு வந்திருந்தா ஒரு குளுக்கோஸ் ஊசியோட போயிருக்கலாம்.”

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “உனக்கு எப்படிம்மா தெரியும்? அப்பா எப்பவும் அப்படித்தானே தூங்குவாரு” என்றாள். அந்தக் கையை உதறிவிட்டு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பாவி, நான் வாயைத் திறக்கவில்லை. இருபத்துமூன்று நாளும் ஒன்றையேதான் வேண்டிக்கொண்டேன். அவர் ஒருமுறை கண்ணைத் திறந்து என்னைப் பார்க்க வேண்டும். நான் அவரிடம் சொல்ல வேண்டும். அவர் வாயாரத் திட்ட வேண்டும்.

பேராசிரியர் வைத்த கொஞ்ச நேரத்தில் மறுபடி போன். மகள்.

“அம்மா! அப்பா முழிச்சிட்டாரும்மா! நிஜமா! கண்ண நல்லாத் தொறந்து பாக்குறாரு!”

எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. பதிப்பக முதலாளி தன் காரிலேயே அனுப்பிவைத்தார். வழி நெடுக ஒத்திகை பார்த்தேன். ‘என்னங்க, தப்பு என்மேலதான்’ என்று ஆரம்பிப்பதா, முதலில் அழுது முடித்துவிடுவதா என்று.

கண்கள் திறந்திருந்தன. நிஜம்தான். கூரையில் சுற்றுகிற மின்விசிறியின் பக்கம் இருந்தன. “என்னங்க” என்றேன். இமை கொட்டியது. கண் என் பக்கம் வரவில்லை. குனிந்து அவர் பார்க்கிற இடத்தில் என் முகத்தை வைத்தேன். என்னைத் தாண்டி மின்விசிறி வரைக்கும் போகிற பார்வை.

“காலையிலேர்ந்து முழிச்சிட்டுத்தான் இருக்காரு” என்றாள் நர்ஸ் சந்தோஷமாக.

எங்கள் பேச்சில் இந்த வார்த்தைக்கு இரண்டு அர்த்தம். தூங்கி எழுந்தவனும் முழிக்கிறான், கேள்விக்குப் பதில் தெரியாதவனும் முழிக்கிறான். அச்சில் வந்தால் முன்னதை ‘விழித்தான்’ என்று நான் மாற்றிவிடுவேன். நர்ஸ் எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. மகளுக்கும் தெரியாது.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். கண் முன்னால் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை இடமும் வலமுமாக நகர்த்தினார். விரல் நகத்தைப் பேனாவால் அழுத்தினார். அப்புறம் என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார்.

“விழிப்பு வந்திருக்கும்மா. உணர்வு வரல.”

“ரெண்டும் ஒண்ணுதானே டாக்டர்? கண்ணத் தொறந்துட்டாரே.”

“ரெண்டும் வேற. தூங்குவாரு, முழிப்பாரு. முழிச்சிருக்கும்போது எதுவும் தெரியாது. நீங்க யாருன்னு தெரியாது, தான் யாருன்னும் தெரியாது. இன்னும் சில மாசம் பாக்கலாம். ஆனா சர்க்கரை இறங்கி வந்த பாதிப்புல நான் பெரிசா நம்பிக்கை குடுக்க முடியாது.”

“எத்தன நாள் இப்படி இருப்பாரு?”

“நல்லாப் பாத்துக்கிட்டா வருஷக்கணக்கா இருக்கலாம்.”

கண் மூடியிருந்த வரைக்கும் எனக்குப் புருஷன் இருந்தார். உள்ளே எங்கேயோ தூங்குகிறார், எழுந்துவிடுவார் என்று இருந்தது. கண்ணைத் திறந்து, உள்ளே யாரும் இல்லை என்று காட்டிவிட்டார். ஐயோ, மூடியே இருந்திருக்கக் கூடாதா?

அறைக்குத் திரும்பினேன். மகள் காலையிலேயே உறவு முழுக்கச் சொல்லிவிட்டாள். விசாரித்து வந்துகொண்டே இருந்த போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய், “ஆமா சித்தி, என்னையேதான் பாக்குறாரு. ரெண்டு நாள்ல பேசிடுவாரு பாருங்க” என்று சிரித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னதை எந்த வாயால் அவளிடம் சொல்வது? நான் கட்டிலில் குனிந்தேன். கேட்காது என்று தெரிந்தும், ஒத்திகை பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் காதோரம் வாயை வைத்தேன்.

“என்னங்க, அன்னிக்குக் காலைல ஏழு மணிக்கே வந்து பாத்தேங்க. மூச்சு ஒரு மாதிரி இருந்துச்சு. வேர்த்துக் கொட்டுச்சு. பாத்துட்டுத்தான் போனேன். வேணும்னுதான் எழுப்பாம விட்டேன். இப்படி ஆகும்னு சத்தியமா நெனைக்கலைங்க.”

தலையை நிமிர்த்தினேன். மகள் போனை இறக்கிவிட்டு என் பின்னால் நின்றிருந்தாள்.

“எத்தன மணிக்கு?”

நான் அவர் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

“டாக்டர்கிட்ட பத்துன்னு சொன்னியேம்மா.”

“கோவத்துலடி. ஏதோ வீம்புல...”

“மூணு மணி நேரம் பக்கத்து ரூம்ல என்ன பண்ணிட்டு இருந்த?”

“புரூஃப் பாத்தேன்.”

அவள் கத்துவாள், என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவள் கட்டிலைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.

“அப்பா, இங்க பாருங்க. என்னப் பாருங்க” என்றாள்.

இரண்டு கையாலும் மெதுவாக, கழுத்து நோகாமல், அவர் முகத்தை என் பக்கத்திலிருந்து தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். திருப்பிய இடத்திலேயே அவர் இருந்தார்.