கூட்ட வேண்டாத இடங்கள்

மேலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். ஆஸ்பத்திரிகளின் இன்சூரன்ஸ் படிவங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. பதினான்கு இருக்கை, பதினான்கு பெண்கள். எல்லோரும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவர்கள். வேலை கொடுக்கும் கம்பெனி ஒரே போடாகப் போட்டுவிட்டது: திங்கட்கிழமைக்குள் இருபது இருக்கை வேண்டும், இல்லாவிட்டால் மதுரைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

முதலாளி அழகுபாண்டி மதுரையில் இடம் பார்க்கவே கிளம்பிவிட்டார். சூப்பர்வைசர் சரண்யாதேவி கணக்குப் போட்டுப் பார்த்தாள். மதுரை என்றால் வீடு திரும்ப எட்டரை மணியாகும். அதுவரை பிள்ளையை யார் பார்ப்பது? கல்யாணத்துக்குப் பிறகு, வீட்டில் மல்லுக்கட்டிப் படித்து வாங்கிய வேலை இது. இங்கேயே இடம் தேடி மூன்று நாளாக இன்ச் டேப்பும் கையுமாக அலைந்தாள். எப்படி அளந்தாலும் பதினைந்தைத் தாண்டவில்லை.

சனிக்கிழமை மத்தியானம், ஆபீஸைக் கூட்டிப் பெருக்கும் மாயக்காள் விஷயத்தைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“இடமில்லைன்னு யாரு சொன்னா? கூட்டுறவ நான்ல. தூசி எல்லா எடத்துலயும் விழும். முடியும் பேப்பரும் முறுக்குத் துண்டும் ஆள் பொழங்குற எடத்துலதான் விழும்.”

வாசலில் கோலம் போட வைத்திருந்த மாவு டப்பாவை எடுத்தாள். மீட்டிங் ரூம் வாசலில் ஒரே இழுப்பில் கோடு. “இங்க முடி விழுந்து ஒரு வருசமாச்சு. மூணு பேரு உக்காரலாம்.” அடுத்து, விருந்தாளிகளுக்கான சோபா. வாங்கிய நாளிலிருந்து அதில் உட்கார்ந்தது கொரியர்காரரின் ஹெல்மெட் மட்டும்தான். “இங்க ஒண்ணு.” கடைசியாக, பாத்ரூமை ஒட்டிய சின்ன அறை வாசலில் ஒரு கோடு. “இங்க ரெண்டு. ஆச்சா, இருபது!”

சரண்யா அசந்துபோனாள். டேப் பிடித்தும் தனக்குத் தெரியாதது, குனிந்து குனிந்து கூட்டியவளுக்குத் தெரிந்திருக்கிறது! எம்புட்டு மூளை இந்த அக்காவுக்கு என்று நினைத்தபோது பொறாமையாகக்கூட இருந்தது.

அந்த நேரம் பார்த்து அழகுபாண்டி படியேறி வந்தார். கோடுகளைப் பார்த்தார், விஷயத்தைக் கேட்டார், விரல் விட்டு எண்ணினார். முகமெல்லாம் பல். “அக்கா, என்னையக் காப்பாத்திட்டீக!”

இதோடு சரண்யாவின் கவலை தீர்ந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை நிச்சயம். ஆனால் மாயக்காள் அந்தச் சின்ன அறையிலிருந்து தன் சாப்பாட்டுப் பையையும் மாற்றுச் சேலையையும் எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் சேலை மாற்றுவதும் சாப்பிடுவதும் அங்கேதான். ஆள் புழங்காத அறையா அது? சரண்யாவுக்கு மனசு கேட்கவில்லை.

“அண்ணே, மாயக்கா ஒரு ரூமை விட்டுட்டாக. உங்க ரூமு.”

அவர் முகம் மாறியது. “அது கன்னி மூலை தங்கச்சி. முதலாளி உக்கார வேண்டிய எடம். வாஸ்து பாத்துக் கட்டுனது.”

“உக்கார்றீங்களாண்ணே?”

அவருக்குச் சுருக்கென்றது. “ஏன், உக்காராமலா? நீங்களே சொல்லுங்கக்கா.”

மாயக்காள் தயங்கினாள். பொய் சொல்லவும் வரவில்லை. “அங்க வெறும் தூசிதான் தம்பி கூட்டுறேன்.”

அழகுபாண்டி மாவு டப்பாவை எடுத்து, தன் அறை வாசலில் கோணல்மாணலாக ஒரு கோடு போட்டார். “ரெண்டு சீட்டு இங்க போடுங்க. நாள் பூரா ரோட்டுலயும் போன்லயும் திரியிறவனுக்கு எதுக்கு ரூமு?” திரும்பி வந்து, சின்ன அறை வாசலில் இருந்த கோட்டைக் காலால் தேய்த்து அழித்தார். “இது உங்க எடம். இருக்கட்டும்.”

மேலூரிலேயே இருபது என்று கம்பெனிக்குச் சொல்ல அவர் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.

சரண்யா மாயக்காளின் மாவு அப்பியிருந்த கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஐந்து வருஷமாக ஒரே ஆபீஸ். அந்தக் கையை அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தொட்டாள்.